பெரம்பூர் பியானோ வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் மேடைக் கலைஞராக வாசித்துவிட்டு, இப்போது பெரம்பூரில் என் வீட்டு மாடியில் பியானோ சொல்லித் தருகிறேன். சேர நினைப்பவர்களும், படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், சர்ச் குவயரில் கீபோர்டு வாசிக்கும் தம்பிகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வகுப்பு விவரம் மட்டும் போதும் என்பவர்கள் முதல் நான்கு கேள்விகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் நான் ஏன் மேடையிலிருந்து வந்தேன் என்பதற்கும் எப்படிச் சொல்லித் தருகிறேன் என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நேரம் இருந்தால் அதையும் படியுங்கள்.

கான்சர்ட் பியானிஸ்ட் என்றால் என்ன வேலை? சினிமாவுக்கு வாசிப்பதா?

சினிமா ரெக்கார்டிங் வேறு தொழில். கான்சர்ட் பியானிஸ்ட் பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசையை மேடையில் வாசிப்பவர். தனிக் கச்சேரி செய்வார், ஆர்க்கெஸ்ட்ராவோடு கான்செர்டோ (ஒரு தனி வாத்தியத்துக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய இசை) வாசிப்பார், வயலினுக்கோ பாடகருக்கோ பக்கத்தில் உட்கார்ந்தும் வாசிப்பார். தனிக் கச்சேரி என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், நோட்ஸ் வைத்துக்கொள்ளாமல் மனப்பாடமாக. 19ஆம் நூற்றாண்டில் கிளாரா ஷூமான், ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ கலைஞர்கள் இந்த வழக்கத்தை நிலைநிறுத்தினார்கள். ஒரே ஆள் முழு மாலையும் வாசிக்கலாம் என்பதைப் பிரபலமாக்கியவரும் லிஸ்ட்தான்.

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத சிரமம் ஒன்று உண்டு. வயலின்காரர் தன் வயலினைக் கையோடு எடுத்துப் போகலாம். பியானோ வாசிப்பவர் போகிற ஊரில் எந்தப் பியானோ இருக்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். பெரிய மேடை கிராண்ட் 9 அடி நீளம், கிட்டத்தட்ட அரை டன் எடை. விளாதிமிர் ஹோரோவிட்ஸ் போல ஒரு சிலர்தான் சொந்தப் பியானோவையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்குக் கச்சேரிக்கு முன்னால் சில மணி நேரம் கிடைக்கும். அதற்குள் எந்த கீ கனமாக இருக்கிறது, மேல் ஸ்தாயி கத்துகிறதா, பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது, அரங்கத்தில் சத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று எல்லாவற்றையும் காதால் கண்டுபிடித்தாக வேண்டும். விரல் வேலையை நான் மேடைக்குப் போகும் முன்பே படித்திருந்தேன். கேட்கக் கற்றுக்கொண்டது மேடையில்தான். இப்போது பிள்ளைகளுக்கு நான் கொடுக்க நினைப்பதும் அதைத்தான்.

மேடையை ஏன் விட்டீர்கள்? கையில் ஏதாவது பிரச்சினையா?

கை நன்றாக இருக்கிறது. அக்கறையோடு விசாரிப்பவர்களுக்கு நன்றி.

ஒரு சீசனுக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைத்தான் முழுதாகத் தயார் செய்ய முடியும். அதையே ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும். எனக்கு எப்போதும் பிடித்தது தயார் செய்யும் காலம்தான். ஒரு வரியைப் பல விதமாக வாசித்துப் பார்த்து, இது ஏன் சரியாக இருக்கிறது, அது ஏன் உயிரில்லாமல் இருக்கிறது என்று தேடுவது. மேடையில் அந்தத் தேடல் முடிந்துபோயிருக்கும். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையோடும் அது மறுபடி ஆரம்பிக்கிறது.

பணமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் நல்ல நிலையில் பராமரிக்கப்படும் கிராண்ட் பியானோ உள்ள அரங்குகள் மிகக் குறைவு. கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். அப்புறம், நான் வளர்ந்த இந்தப் பகுதியிலேயே அருமையான காது உள்ள பிள்ளைகள் நோட்ஸ் படிக்கச் சொல்லித்தர ஆளில்லாமல் இருந்தார்கள். எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மேடையை விட்டு நகர்வது இந்தத் தொழிலில் புதிதும் இல்லை. லிஸ்ட் புகழின் உச்சியில், 1847இல், 35 வயதில் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டு ஜெர்மனியின் வைமார் நகரில் தங்கினார். பின்னாளில் உலகம் முழுவதிலுமிருந்து அவரிடம் படிக்க வந்தார்கள். கனடாவின் க்ளென் கூல்ட் 1964இல் 31 வயதில் மேடையை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். கை பாதித்தவர்களும் உண்டு. அமெரிக்கரான லியான் ஃப்ளைஷருக்கு அதே 1960களின் நடுவில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக மடங்க ஆரம்பித்தன. ஃபோகல் டிஸ்டோனியா என்கிற நரம்புக் கோளாறு. அவர் ஏற்கெனவே பால்டிமோரில் கற்பித்துக்கொண்டிருந்தார். கற்பிப்பதையே மையமாக்கிக்கொண்டு, இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசையை மேடையில் வாசித்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் எழுதிய கான்செர்டோ அப்படிப்பட்ட ஒன்று. சிகிச்சைக்குப் பிறகு 1990களில் ஃப்ளைஷர் மறுபடி இரண்டு கையாலும் வாசித்தார். நடுவில் போன அத்தனை வருடங்களில்தான் வலது கையால் வாசித்துக் காட்ட முடியாமல், ஓர் இசையைச் சொல்லாலேயே விளக்கும் ஆசிரியராக அவர் வளர்ந்தார்.

மேடையில் முடியாதவர்கள்தானே கற்பிக்க வருகிறார்கள்?

இதை நேராகக் கேட்பவர்கள் குறைவு, சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் நிறைய. இந்த எண்ணம் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இசையமைப்பாளர் ஷோப்பானைப் பியானோவின் கவிஞர் என்பார்கள். அவர் வாழ்நாளில் பொது மேடையில் வாசித்தது சுமார் 30 முறைதான். பாரிஸில் அவர் பிழைத்தது பாடம் சொல்லிக்கொடுத்து. கிளாரா ஷூமான் சிறுமியாக 1828இல் மேடை ஏறி, கணவரை இழந்தபின் குடும்பத்தைக் கச்சேரி வருமானத்தில் காப்பாற்றியவர். 1878இல் ஃபிராங்க்ஃபர்ட் ஹோக் இசைப்பள்ளியில் ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே மேடையிலும் இருந்தார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் தாழ்த்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் கார்ல் செர்னி. பீத்தோவனின் மாணவர். மேடையில் பெரிய இடத்துக்குப் போயிருக்கலாம், பதின்ம வயதிலேயே கற்பிக்கும் பக்கம் வந்துவிட்டார். சிறுவன் லிஸ்ட் அவரிடம் வந்தபோது பணம் வாங்க மறுத்துச் சொல்லிக்கொடுத்தார். லெஷெடிட்ஸ்கியும் அவர் மாணவர். லெஷெடிட்ஸ்கியிடம் படித்தவர்கள் பாடெரெவ்ஸ்கி, ஷ்னாபல் என்ற புகழ்பெற்ற பியானிஸ்ட்கள். இன்று உலகத்தில் எங்கே பியானோ கற்றாலும், உங்கள் ஆசிரியரின் ஆசிரியர் என்று பின்னால் போனால் செர்னியின் வீட்டில் போய் நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. குருபரம்பரை என்பதை நன்றாக அறிந்த ஊர் இது. நாகஸ்வரத்துக்கும் வீணைக்கும் நாம் தரும் அந்த மரியாதையைப் பியானோ டீச்சருக்கு மட்டும் ஏன் தரத் தயங்க வேண்டும்?

வட சென்னையில் பியானோவா? மயிலாப்பூர், அடையாறு பக்கம் போனால் நிறையப் பேர் சேருவார்களே?

சேருவார்கள். ஆனால் மேற்கத்திய இசைக்கும் வட சென்னைக்கும் உள்ள தொடர்பு அந்தப் பகுதிகளைவிடப் பழையது என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

மணலியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ரிஃபைனரி ஞாபகம்தான் வரும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், கர்நாடக இசைக் கலைஞர் ராமசுவாமி தீட்சிதரை அங்கே அழைத்துவந்து ஆதரித்தார். தீட்சிதரின் பிள்ளைகள் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசிப்பதைக் கேட்கப் போனார்கள். இளையவர் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று, கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆனார். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்று பாடுகிறோமே, அவைதான். சுமார் 40 இருக்கின்றன. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டுகூட அதில் ஒன்று. கர்நாடக வயலின் கதையை எங்கே தொடங்கினாலும் மணலி வழியாகப் போகாமல் முடியாது.

அப்புறம் ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அதன்பின் பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், 1955இல் ஐசிஎஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரம்பூரிலும் வேப்பேரியிலும் நிறைய இருந்தன. அந்த வீடுகளில் பியானோ அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் நடன மாலைக்கும் வாசிக்கிற பொருளாக இருந்தது. அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். சர்ச்சுகளும் குவயர்களும் இங்கேயே இருக்கின்றன. நாலு குரலில் பாடும் பாட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஹார்மனி என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம்.

தாளம் பற்றியும் சொல்ல வேண்டும். கானா பாடும் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள் மேசையில் தட்டும் தாளம் உறுதியாக நிற்கும். மெட்ரோனோம் வைத்தாலும் அசையாது. சின்கோபேஷன் (தாளத்தின் அடிக்கு நடுவே விழும் அழுத்தம்) என்று மற்ற இடங்களில் மாதக்கணக்கில் பழக்குவதை இவர்கள் கையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். அதைத் தாளில் எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது என்பதை மட்டும்தான் நான் சேர்க்கிறேன்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஆறு ஏழு வயது நல்லது. இடது வலது தெரிந்து, பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்காரத் தெரிந்தால் ஐந்திலும் ஆரம்பிக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாமதமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆகவில்லை. அந்த வயதில் புரிந்துகொள்ளும் வேகம் அதிகம்.

வீட்டில் கீபோர்டுதான் இருக்கிறது. அது போதுமா?

முதல் சில மாதங்களுக்குப் போதும். அதற்குப் பிறகு போதாது, ஏன் என்று சொல்கிறேன்.

பியானோவில் நீங்கள் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு மரச் சுத்தி கிளம்பிப் போய்க் கம்பியை அடிக்கும். கீ கீழே இறங்கும் தூரம் சுமார் 1 சென்டிமீட்டர்தான். சுத்தி கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விசையிலிருந்து விடுபட்டுவிடும். கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிவிட்ட மாதிரி, அதன்பின் விரலால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 1 சென்டிமீட்டருக்குள் நீங்கள் கொடுத்த வேகம்தான் சத்தத்தின் அளவு, குணம் எல்லாமே. அதனால் வாசிப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் மனதுக்குள் கேட்டாக வேண்டும். சாதாரண 61 கீ கீபோர்டின் ஸ்பிரிங் கீகளில் இந்தக் கட்டுப்பாடு விரலுக்கு வராது.

ஆகவே வாங்க முடிந்தால் 88 கீ உள்ள, வெயிட்டட் கீயும் (பியானோ கீ போலக் கனமாக இருப்பது) பெடலும் சேர்ந்த டிஜிட்டல் பியானோ வாங்குங்கள். டியூனிங் செலவு இல்லை. ஹெட்போன் போட்டு ராத்திரியிலும் வாசிக்கலாம், சுவருக்குச் சுவர் ஒட்டிய நம் வீடுகளில் அது பெரிய வசதி. அதற்கும் வழியில்லை என்றால் கீபோர்டிலேயே இருங்கள். வாரத்தில் சில மாலைகள் என் பியானோவில் வந்து பழகிக்கொள்ளலாம். யாரும் வாத்தியம் இல்லை என்பதற்காக நிற்க வேண்டாம்.

கீபோர்டில் படிப்பவர்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தொடக் கூடாது. எல்லாப் பாட்டையும் சி ஸ்கேலிலேயே வாசித்துவிட்டு பட்டனால் சுருதியை மாற்றிக்கொண்டே இருந்தால், பன்னிரண்டு ஸ்கேல்களில் பதினொன்று உங்கள் கைக்கு வராமலே போய்விடும்.

பழைய பியானோ ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கடல் காற்று ஒத்துக்கொள்ளுமா?

பார்க்காமல் வாங்காதீர்கள். கூடவே ஒரு டியூனரை அழைத்துப் போங்கள். பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 20 டன். அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். கம்பி சுற்றப்பட்டிருக்கும் முளைகள் ஒரு மரப்பலகைக்குள் இறுகி நிற்க வேண்டும். அந்தப் பலகை தளர்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது. மேலே பாலீஷ் பளபளவென்று இருக்கும், அதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். சத்தத்தைப் பெருக்கும் பலகையான மர சவுண்ட்போர்டு ஈரத்தைக் குடித்து வீங்கும், வெயில் காலத்தில் சுருங்கும். சுருதி அதோடு ஏறி இறங்கும். பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, நம் ஊரில் பெரும்பாலும் அதைவிட மேலேதான். ஜன்னல் ஓரமும் வெளிச்சுவரும் வேண்டாம். ஏசியை அரை நாள் போட்டு அரை நாள் நிறுத்துவதைவிட ஏசி இல்லாமலே விடுவது நல்லது, மாறி மாறி வரும் ஈரம்தான் மரத்தைக் கெடுக்கும். வருடத்துக்கு இரண்டு முறை டியூனிங். அதில் ஒன்று வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு இருக்கட்டும். உள்ளே இருக்கும் கம்பளித் துணியான ஃபெல்ட்டை அந்துப்பூச்சியும் எலியும் தின்னும் என்பதால் அடிக்கடி திறந்து பாருங்கள்.

தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் தண்ணீரில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. கட்டிலைத் தூக்கி மேலே வைக்கலாம். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோவைத் தண்ணீர் வரும்போது யார் தூக்குவது? என் பியானோ மாடியில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

லிடியன் நாதஸ்வரம் மாதிரி என் பையன் எப்போது வேகமாக வாசிப்பான்?

2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் லிடியன் ஜெயித்த பிறகு, பியானோ என்ற பேச்சு நம் வீடுகளுக்குள் வந்தது. நம் சென்னைப் பிள்ளை என்று எனக்கும் பெருமைதான். அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் மெதுவான பயிற்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வேகம் என்பது கை தளர்வாக இருப்பதிலிருந்து வருகிறது. இறுகிய மணிக்கட்டால் ஓரளவுக்கு மேல் ஓட முடியாது. அதனால் புதுப் பாடத்தை மிக மெதுவாக, ஒவ்வொரு கையாகத் தனித்தனியே, ஒவ்வொரு சுரமும் முடியும் வரை கேட்டு வாசிக்க வைக்கிறேன். பெற்றோருக்கு அலுப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும்?

சின்னப் பிள்ளைகளுக்கு 15, 20 நிமிஷம், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதில் பலன் இல்லை. எத்தனை தடவை வாசித்தாய் என்று கேட்காதீர்கள், எந்த இடம் சரியாக வரவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை கவனித்து வாசித்திருக்கிறது என்று அர்த்தம்.

கிரேட் எக்ஸாம் எழுத வைப்பீர்களா?

கேட்டால் தயார் செய்கிறேன். கட்டாயம் இல்லை.

சென்னையில் அதிகம் எடுப்பது லண்டன் ட்ரினிட்டி தேர்வு. இனிஷியலில் தொடங்கி எட்டாம் கிரேட் வரை, அதற்குமேல் டிப்ளமோக்கள். 100 மதிப்பெண்ணில் மூன்று பாடல்களுக்கே 66 போய்விடும், மீதி ஸ்கேல் போன்ற டெக்னிக்கல் வொர்க்குக்கும், புதுத் தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங், காதுப் பயிற்சி போன்றவற்றுக்கும். 60 வாங்கினால் பாஸ், 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம் என்கிற இன்னொரு லண்டன் வாரியத்தில் ஆறாம் கிரேடுக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரியோ, அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறு தேர்வோ தேவை.

தேர்வு ஓர் இலக்கைக் கொடுக்கிறது, அது நல்லது. ஆனால் வருடம் முழுக்க மூன்றே பாட்டை அரைத்து டிஸ்டிங்ஷன் வாங்கும் பிள்ளையை நான் உருவாக்க மாட்டேன். ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது இருபது சின்னச் சின்னப் பாடல்களாவது படித்திருக்க வேண்டும் என்பது என் வகுப்பு விதி. சான்றிதழ் வேகமாக வேண்டும் என்பவர்களுக்கு வேறு இடங்கள் ஒத்துவரும்.

சினிமா பாட்டு, சர்ச் பாட்டு சொல்லித் தருவீர்களா?

தருகிறேன், ஆனால் நோட்ஸ் கொடுக்க மாட்டேன். காதால் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் பாஸ் வரியைப் பாடச் சொல்வேன், அப்புறம் கார்டு, அப்புறம்தான் மெலடி. காதால் வாசிக்கத் தெரிந்து நோட்ஸ் தெரியாதவர்களும், நோட்ஸ் படிக்கத் தெரிந்து தாளை எடுத்துவிட்டால் கை நின்றுவிடுபவர்களும் என்னிடம் வருகிறார்கள். இரண்டு பேரையும் நடுவில் கொண்டுவருவதில்தான் என் நேரத்தில் பாதி போகிறது. இளையராஜா ஏற்கெனவே காதில் நூற்றுக்கணக்கான பாட்டோடு சென்னைக்கு வந்தவர். வந்தபின் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றார். குவயரில் வாசிக்கும் தம்பிகள் நோட்ஸ் எதற்கு மிஸ் என்று கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன்.

மகள் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். பியானோவும் படித்தால் குழம்புமா?

குழம்பாது. ஆனால் அவள் காதுக்கு ஒரு விஷயம் உறுத்தலாம், அது சரியான உறுத்தல்தான்.

சங்கராபரணத்தின் சுரங்கள் மேஜர் ஸ்கேலின் சுரங்கள். கீரவாணி ஹார்மோனிக் மைனர், நடபைரவி நேச்சுரல் மைனர். விரலுக்குப் பழகிய பாதை. ஆனால் பியானோவில் பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் பிரித்திருக்கிறார்கள், எந்த ஸ்கேலிலும் வாசிக்க வசதியாக. ஒரு ஸ்தாயியை 1200 சிறு பங்குகளாக (சென்ட் என்பார்கள்) பிரித்துக்கொண்டால், தம்புராவோடு சேரும் பஞ்சமம் 702இல் இருக்கும், பியானோவில் 700. அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. அந்தர காந்தாரம் இயற்கையாக 386இல் இருக்க, பியானோவில் 400இல் நிற்கும். அதை நல்ல காது கண்டுபிடித்துவிடும். கமகமும் பியானோவில் கிடையாது, அடித்த சுரத்தை வளைக்க முடியாது. இதையெல்லாம் தெரிந்தே படிக்கலாம். ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்கிற இன்பம் பியானோவில் அவளுக்குக் கிடைக்கும், குரலில் அது கிடைக்காது.

என் பிள்ளை கான்சர்ட் பியானிஸ்ட் ஆக வேண்டும் என்கிறது. சாத்தியமா?

சாத்தியம்தான், பாதை நீளம். பதினைந்து பதினாறு வயதில் தினமும் நான்கு மணி நேரமாவது விருப்பத்தோடு உட்கார வேண்டும். பிறகு பெரும்பாலும் வெளிநாட்டு இசைக் கல்லூரி. அப்புறம் போட்டிகள். வார்சாவில் 1927இல் தொடங்கிய ஷோப்பான் போட்டியைப் போன்றவற்றில் முதல் சுற்றுக்குள் நுழைவதே பெரிய காரியம். அவற்றில் வயது வரம்பும் இருக்கும்.

பிள்ளையைத் தடுக்காதீர்கள். கூடவே ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பது, பாடகர்களுக்கு அக்கம்பனி செய்வது, ஸ்டுடியோ வேலை, இசை எழுதுவது, கற்பிப்பது என்று பக்கத்துப் பாதைகளையும் அறிமுகப்படுத்துங்கள். நான் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மாணவர்களை வாரம் ஒருமுறை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைக்கிறேன். ஓர் எளிய பாட்டைப் பிறருக்கு விளக்கும்போது தன் வாசிப்பில் உள்ள ஓட்டை அவர்களுக்கே தெரிகிறது.

மேடையில் கை நடுங்குகிறது, என்ன செய்வது?

எல்லோருக்கும் நடுங்கும். ஷோப்பானே கூட்டத்தைக் கண்டால் சங்கடப்பட்டவர். பாட்டை முதலிலிருந்து மட்டும் வாசித்துப் பழகியவர்களுக்குப் பயம் அதிகம், நடுவில் விட்டால் திரும்ப வழி தெரியாது என்பதால். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் ஐந்தாறு இடங்களைக் குறித்து, நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்க வைக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். பெற்றோருக்கு அன்று அனுமதி இல்லை.

வாசித்தால் கை வலிக்கிறது.

நிறுத்திவிடுங்கள். வலியோடு வாசிப்பது பயிற்சி இல்லை. முழங்கை கீயின் மட்டத்தில் இருக்கிறதா, ஸ்டூல் உயரம் சரியா, தோள் தூக்கியிருக்கிறதா என்று பார்ப்போம். ஓய்வெடுத்தும் வலி போகவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. ஐசிஎஃப்பில் ஓய்வு பெற்றவர்களும் வீட்டு வேலை முடித்துவிட்டு வரும் அம்மாக்களும் என் மாணவர்களில் உண்டு. விரல் மெதுவாக வரும், ரசனை வேகமாக வரும்.

கட்டணம்?

போனில் சொல்கிறேன். கட்ட முடியாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், அந்தப் பேச்சு நமக்குள் இருக்கும். செர்னி லிஸ்ட்டிடம் பணம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நீங்கள் இப்போதும் மேடையில் வாசிக்கிறீர்களா?

எப்போதாவது, நண்பர்களோடு சேர்ந்து. தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் எனக்காக வாசிக்கிறேன். பாக் பிரிலூட் ஒன்றாவது இல்லாமல் நாள் தொடங்காது. ஆசிரியரின் கை வாசிப்பை விட்டுவிட்டால் காதும் மெல்ல மழுங்கும் என்று நம்புகிறேன்.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு பென்சில், ரப்பர், சாதாரண நோட்டு போதும். புத்தகம் வாங்க வேண்டாம், பிள்ளையைப் பார்த்துவிட்டு நான் சொல்கிறேன். அண்ணா சாலையில் இருக்கும், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையில் நோட்டேஷன் புத்தகங்கள் கிடைக்கும். முதல் வகுப்பில் அப்பாவோ அம்மாவோ உள்ளே உட்காரலாம், அடுத்த வாரத்திலிருந்து வெளியே. பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம். வியாசர்பாடி பக்கமிருந்து வருபவர்கள் மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நின்றால் ஒரு போன் செய்யுங்கள், வகுப்பை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.